ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டிய பெட்டி

என் பெயர், வயது, முகவரி மேலே பதிந்துள்ளபடி. நான் முப்பத்தோரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பள்ளியின் கணினி அறையையும் கவனித்துவந்த அனுபவத்தால், இப்போது இந்த ஊர் மருத்துவமனையின் கணினி அறையில் வேலை பார்க்கிறேன்.

படுக்கையருகே உள்ள கருவிகளின் அளவுகளைச் செவிலியர் மேசைக்கு அனுப்ப மாடிதோறும் உள்ள இணைப்புப் பெட்டிகளைக் கண்காணிக்கும் கால அட்டவணையை அமைத்தவன் நான். அது என்னவென்று காவல் அதிகாரி கேட்டார். வகுப்பில் வருகை எடுப்பது போலத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிடும். பதில் வராவிட்டால் என் கைபேசி அடிக்கும், செவிலியர் மேசையிலும் மணி ஒலிக்கும்.

கடந்த ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, இப்போது காவலில் உள்ள வயர்க்காரர் இரண்டாம் மாடியில் கம்பி மாற்ற வந்தார். வேலையின்போது பெட்டி அடிக்கடி அணைந்ததால் மணி ஓயவில்லை. "சார், உங்க கிளாஸ் பசங்ககூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டாங்க. அது வாயை அடைங்களேன்" என்றார் செவிலியர். அதன் பிறகு நான் அட்டவணையில் அந்தப் பெட்டியை மட்டும் நிறுத்திவைத்தேன். எதுவரை என்று கேட்கும் கட்டத்தை நிரப்பவில்லை. அப்படி விட்டால் கையால் நீக்கும்வரை அது கூப்பிடப்படாது என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேர வேலைதானே என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு வயர்க்காரர் வந்து, "ஐயா, முடிஞ்சுது. ஒருதடவை பாத்துச் சொல்லிடுங்க, கெளம்பறேன்" என்றார். நிறுத்திவைத்த பெட்டி கடைசியாகத் தந்த பதிலின் நிறத்திலேயே திரையில் நிற்கும். அது பச்சையாக இருந்தது. "எல்லாம் பச்சைதான், போய்ட்டு வாப்பா" என்றேன். நிறுத்தத்தை நீக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி பிற்பகல் 2.10க்கு அந்தப் பெட்டியின் மின்பகுதி கருகியது. ஏழாம் படுக்கையில் இருந்த அம்மாளின் இதயத்துடிப்பு செவிலியர் மேசைக்கு வந்து சேரவில்லை. செவிலியர் அப்போது வேறொரு நோயாளியைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். கைபேசி மேசைமேல் இருந்தது. 2.50க்கு அந்த அம்மாளின் தங்கை அலறியபடி வெளியே ஓடிவந்தார்.

அதன் பிறகு நான் அட்டவணையைத் திறந்து பார்த்து நிறுத்தத்தை நீக்கினேன். ஐந்தாவது நிமிடம் கைபேசி அடித்தது. அதற்குள் அந்த அம்மாள் இறந்து, படுக்கை விரிப்பையும் உருவிவிட்டார்கள்.

மாலையில் நிர்வாகி, "சார், நீங்க எதுவும் பேச வேணாம். கம்பியத் தொட்டது அந்தாளுதானே" என்றார். நான் பேசவில்லை. பதினான்காம் தேதி காவலர்கள் வயர்க்காரரை அழைத்துச் சென்றபோது அவர் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கதானே பாத்துச் சொன்னீங்க? சொல்லுங்கய்யா" என்றார். அப்போதும் நான் பேசவில்லை. இன்று பதினாறாம் தேதி காவல் நிலையத்துக்கு நானாகவே வந்தேன்.

அவர் மாற்றிய கம்பிகள் ஒவ்வொன்றையும் சோதித்தேன். ஒன்றிலும் குறை இல்லை. கருகிய பெட்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்துள்ளேன். மூன்று நாள் அதைக் கூப்பிடாமல் விட்டவன் நான்.

இவ்வளவும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. வந்து சொல்ல நான்கு நாள் தாமதமானதற்குக் காரணம் 'மறதி' என்று மேலே படிவத்தில் எழுதியிருந்ததை அடித்து, 'பயம்' என்று என் கையாலேயே திருத்தினேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)