அண்ணியைக் கேட்டால் தெரியும்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் ஸ்டேஷன் நாற்காலி என்றால் ஒரு காலாவது ஆடும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறீர்கள். முயற்சி செய்கிறேன். ஆனால் வக்கீல் ஆபீஸில் தலை நரைக்கும்வரை டைப் அடித்தவள் நான். என் வாக்கியங்கள் முடிய வேண்டிய இடத்தில்தான் முடியும்.

அந்த வீடு எங்கள் அப்பா கட்டியது. மாடியில் ஒற்றை அறை, அதில் நான். கீழே தம்பி, அவன் மனைவி, அவர்கள் வளர்த்த நாய். அப்பா காலமான பிறகு தம்பி ஒரு பத்திரத்தை என் முன்னால் நீட்டி, "அக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்றான். போட்டேன். என் பங்கை அவர்கள் இரண்டு பேர் பெயருக்கும் விட்டுக்கொடுக்கிற பத்திரம். படித்துப் பார்த்தாயா, சம்மதமா என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது. பத்திரத்தில் எழுத்துப் பிழைகள் இருந்தன, அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

தம்பிக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. கடையைப் பெரிதாக்குகிறேன் என்று வீட்டை அடமானம் வைத்து பேங்கில் கடன் வாங்கினான். கடையில் சேர்த்துக்கொண்ட கூட்டாளி ஒருநாள் கடையையே சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். தவணை நின்றது. வீட்டு கேட்டில் பேங்க் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதுவரை அந்த வீட்டில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகள் இரண்டே வகை. சாப்பிட்டாச்சா என்பது ஒன்று. மோட்டாரை நிறுத்தியாச்சா என்பது இன்னொன்று. நோட்டீஸ் ஒட்டிய அன்று இரண்டு பேரும் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்கள். தம்பி என் கட்டிலிலேயே பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா, நாளைக்கே வந்து நம்மள வெளிய தள்ளிடுவாங்களா?"

"அப்படியெல்லாம் தள்ள முடியாது. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. இப்ப வந்தது முதல் நோட்டீஸ். பதில் சொல்ல அவகாசம் குடுக்கணும். ஏலத்துக்குத் தனியா அறிவிப்பு போடணும். அதுக்கு முன்னாடி எப்ப வேணா பாக்கியைக் கட்டி மீட்டுக்கலாம்."

தம்பி மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை நாளும் பரணில் கிடந்த மிஷின் திடீரென்று ஓடினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனால் டீ மாடியேறி வந்தது. கூடவே கேள்விகளும் வந்தன.

"அண்ணி, வீட்ல இருக்கிற சாமானையும் எடுத்துப்பாங்களா?"

"வீட்டைத்தானே அடமானம் வெச்சீங்க? கட்டில், பீரோ எல்லாம் உங்களோடது."

"சுவத்துல பதிச்ச அலமாரி?"

"அது வீட்டைச் சேர்ந்தது."

"அப்ப நாயி?" என்றான் தம்பி.

"நாய் சுவத்துல பதிஞ்சிருக்கா?"

அவள் புரையேறிச் சிரித்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் தெருவில் பரவியது. எதிர்வீட்டுத் தையல்காரருக்கும் பேங்கில் இதே தலைவலி. அவர் வந்தார். அவருடைய மச்சான் வந்தார். ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் கெட்டிருந்த ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். சந்தேகமா, மாடியில் இருக்கிற அண்ணியைக் கேட்டால் தெரியும் என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. நான் யாருக்கும் தப்பான பதில் சொன்னதில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தையல்காரருக்கு நான் சொன்ன வழி பலித்தது. பேங்க்காரர்கள் அவருடைய தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தோடு சரி. மறுவாரம் மாடியிலிருந்து பார்க்கிறேன், மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார், தலை நிமிரவே இல்லை. நான் கொஞ்சம் கனைத்தும் பார்த்தேன். கேள்வி தீர்ந்துவிட்டால் ஆளும் தீர்ந்துபோகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆப்பிளும் மாவு மாவாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பேங்க் அதிகாரி வந்தார். தம்பியும் அவளும் அவளுடைய அண்ணனிடம் உதவி கேட்கப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவள் நான். சின்ன வயசு, சட்டையெல்லாம் வியர்வை, நல்ல பிள்ளை.

"நீங்கதான் வீட்டம்மாவா?" என்றார்.

வீடு எங்கள் அப்பா கட்டியது, நான் அம்மா வயசுக்காரி. யோசித்துப் பார்த்தால் பொய் இல்லை. ஆமாம் என்றேன்.

அவர் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருந்தார். பாக்கியில் கொஞ்சம் கட்டினால் போதும், மீதியைப் புதுத் தவணையாகப் பிரித்துத் தருவார்கள், ஏலத்தை நிறுத்திவிடலாம். தையல்காரருக்குச் செய்தார்களே, அதே ஏற்பாடு. ஒத்துக்கொண்டால் ஒரு இடத்தில் கையெழுத்து, வேண்டாமென்றால் இன்னொரு இடத்தில்.

தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அதில் யார் ஏறி வருவார்கள் என்று ஒரு யோசனை.

"எங்களுக்கு இந்தக் கடனை இழுக்கத் தெம்பு இல்ல தம்பி. ஏலத்துக்கே விட்டுடுங்க" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"எங்க வீட்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

வேண்டாம் என்கிற இடத்தில் தம்பி மனைவியின் கையெழுத்தைப் போட்டேன். கடன் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் ஒரு கையெழுத்து செல்லாது என்று அவருக்கு நான்தான் ஞாபகப்படுத்தினேன். பாவம், புதுசு. வீட்டுக்காரர் உள்ளே காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்று சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்த் தம்பியின் கையெழுத்தையும் போட்டுக்கொண்டு வந்தேன். அவன் ஸ்கூல் ரிப்போர்ட் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நான்தான் போட்டுக் கொடுப்பேன். பழகிய கை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல டீ வந்தது. "அக்கா, நாமளே பேங்க்குக்குப் போய், ஏதாவது பாத்துப் பண்ணுங்கன்னு கேட்டுப் பாக்கலாமா?" என்றான் தம்பி.

"வேணாம்டா. நாமளா போய் நின்னா இளக்காரமா நினைப்பாங்க. வழி இருந்தா அவங்களே வந்து சொல்லுவாங்க."

யாருக்கும் தப்பான பதில் சொன்னதில்லை என்றேன் இல்லையா? இந்த ஒன்றைத் தவிர என்று திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒரு பல் டாக்டர் ஏலத்தில் எடுத்தார். காலி பண்ணுகிற அன்று அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வாடகைக்குக் கிடைத்த இடத்தில் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால் அதைத் தையல்காரரிடம் விட்டோம். தம்பி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான். அவள் இளைத்து, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. எல்லாம் கண்ணால் பார்த்தேன், மேடம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாடகை இடம் ஒற்றை அறை. நடுவில் மாடிப்படி கிடையாது. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டோம். சட்டென்று ஒரு சந்தேகம் வந்தால் அவள் தலையைத் திருப்பினாலே போதும்.

அப்படித் திருப்பித்தான் ஒருநாள் கேட்டாள். "அண்ணி, ஏலத்துல கடனைவிட ஜாஸ்தி பணம் வந்திருந்தா, மிச்சம் யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அது பேங்க்குக்குச் சொந்தமில்ல. போய்க் கேளு, குடுத்தே ஆகணும்."

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் பேங்க் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பதில் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

போனாள். அந்தச் சின்ன வயசு அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

திரும்பி வந்தவள் கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள். "அண்ணி, அந்தக் கையெழுத்தெல்லாம் நீங்க போட்டதா?"

ஆமாம் என்றேன். தம்பி எழுந்து வெளியே போனான். வாசலில் அவன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாங்க போடாத கையெழுத்தை வெச்சு நடந்த ஏலம் செல்லுமா?"

இவ்வளவு நாளில் அவள் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "செல்லாதுன்னு கோர்ட்ல கேக்கலாம். ஆனா போட்டவங்க வாயால ஒத்துக்கிட்டா கேஸ் பலமா நிக்கும்."

"ஒத்துப்பீங்களா?"

"நீ கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனா?"

அதனால்தான் நானே நடந்து வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கையெழுத்தும் நான் போட்டது. தெரிந்தே போட்டது. யாரும் தூண்டவில்லை. அந்த வீட்டை அவர்களிடமிருந்து பிடுங்கியது பேங்க் இல்லை, கூட்டாளி இல்லை, நான்.

வெளியே பெஞ்சில் அவள் இல்லை என்கிறீர்கள். என் முகத்திலேயே இனி விழிக்கமாட்டேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனாளா? கோபத்தில் சொல்லியிருப்பாள். வேறு வக்கீலைப் பார்க்கப் போயிருப்பாள், போகட்டும். அந்த வக்கீல் சொல்வது சரிதானா என்று யாரிடம் கேட்பாள்? பல் டாக்டர் லேசில் விடமாட்டார், மேடம். தடை வாங்குவார், அப்பீல் போவார், வருஷக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு சந்தேகம் வரும். என்னை எந்த ஜெயிலுக்கு அனுப்பினாலும் சரி, பஸ் வசதி இருக்கிற ஜெயிலாகப் பார்த்து அனுப்புங்கள். பாவம், அவர்கள் இரண்டு பேரும் அடிக்கடி வந்துபோக வேண்டியிருக்கும்.