கரடியின் நடை

— நிறுத்துங்க தம்பி. அந்தக் கரடி நடக்கிற இடத்தை மறுபடி போடுங்க.

— ஐயோ, பச்சைக்கா! நீங்க எப்ப உள்ள வந்தீங்க? இது இன்னும் முடியலக்கா...

— ஷூட்டிங்ல போட்டுக்கக் குடுத்த பச்சை உடுப்பைத் திருப்பிக் குடுக்க வந்தேன், கதவு தொறந்திருந்துச்சு. போடுங்கன்னு சொன்னேன்.

— ...இதோ.

— பேஷ்! மெத்தை விளம்பரத்துக்கு நொண்டிக் கரடி! கரடிக்குப் பதிலா நீங்க நடிக்கிற பாப்பா கையைப் பிடிச்சிக்கிட்டு நடங்க, பச்சைத் துணிக்குள்ள யாருன்னே தெரியாது, அப்புறம் கம்ப்யூட்டர்ல உங்களை அழிச்சிட்டுக் கரடியை வெச்சிடுவோம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? என்னை அழிச்சீங்க, என் காலை மட்டும் விட்டு வெச்சிருக்கீங்களே!

— சத்தியமா கேலி பண்ணலக்கா. ஒரு நிமிஷம் உக்காருங்க, காட்டறேன்.

— நின்னே பாக்கறேன்.

— இது நான் முதல்ல செஞ்சது. கரடி நேரா நடக்குது. பாப்பாவோட தோளைப் பாருங்க.

— ஏறி ஏறி இறங்குது.

— ஏன்னா, அவ பிடிச்சிருந்தது உங்க கையை. நீங்க சாயறப்பல்லாம் அவளும் சாயறா. கரடி மட்டும் விறைப்பாப் போனா, ரெண்டும் வேற வேற தெருவுல நடக்கிற மாதிரி இருக்கு. நாலு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன். கடைசியில உங்களை மாதிரி நடக்க விட்டேன். அப்பத்தான் கரடிக்குப் பாரம் வந்துச்சு, தரையில கால் பாவுச்சு.

— வேற ஆளை வெச்சுத் திரும்ப எடுத்திருக்கலாம்ல?

— டைரக்டரும் அதான் சொன்னாரு. நான்தான் ஒத்துக்கல. உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேர் கையைப் பாப்பா தொடவே மாட்டேன்னு அழுதா. உங்ககூடத்தான் சிரிச்சிக்கிட்டே நடந்தா. அந்தச் சிரிப்பை நான் எந்தக் கம்ப்யூட்டர்ல செய்யறது?

— பள்ளிக்கூடத்துல என் பின்னாலயே வரிசை கட்டி, என்னை மாதிரி நடந்து காட்டுவானுங்க. வாத்தியார்கூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாரு. இப்ப வீட்டுக்கு வீடு டிவியில பாத்துச் சிரிக்கணுமாக்கும்.

— சிரிக்க மாட்டாங்கன்னு நான் எப்படிக்கா சொல்றது? நேத்து என் பொண்டாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். 'பாவம், கரடிக்குத் தூக்கம் சொக்குது, சீக்கிரம் படுக்க வைங்க'ன்னா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்க வேண்டாம்னா வேண்டாம். மெத்தைக் கம்பெனிக்காரங்க சாயங்காலம்தான் பாக்க வராங்க. அதுக்குள்ள எடுத்துடறேன்.

— இன்னொரு தடவை ஓட்டுங்க... மெதுவா... ம். சரியில்ல தம்பி. அழிச்சிடுங்க.

— சரிக்கா. மன்னிச்சிடுங்க.

— என்னய்யா அவசரக்குடுக்கையா இருக்கீங்க, முழுசாக் கேளுங்க! உங்க கரடி காலை வெறுமனே இழுத்துக்கிட்டுப் போகுது. நான் அப்படியா நடக்கறேன்? முதல்ல இடுப்பு திரும்பணும், அப்புறம்தான் கால். மேசையை ஓரமாத் தள்ளிட்டுக் கேமராவை எடுங்க, நடந்து காட்டறேன்.