மணல் திட்டில் இறங்கிய ஓவியன்

ஓவியக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுவரைப் பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர். கறிபாப் பலகாரத் தட்டைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடுவார்கள். அலோர் ஸ்டாரிலிருந்து கூலிம் வரைக்கும், அடுத்தவன் படத்தைப் பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான்.

சுங்கைப் பட்டாணியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பினாங்கில் எந்த மண்டபத்தில் என்ன கண்காட்சி, போட்டிக்கு எப்போது படம் அனுப்ப வேண்டும், நடுவர் எப்படிப்பட்ட ஆள், எல்லாம் என் மூலமாகத்தான் நம்மவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். நான் சொல்வேன், அவர்கள் கேட்பார்கள். பேட்ரிசியா டீச்சர் பல வருடமாக ஒரே செம்பருத்தியை வரைகிறாள். அவளுக்கும் சொல்வேன்.

அழகேசன் லூனாஸில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாண ஜோடிகளைப் படம் பிடித்த கையோடு தூரிகையும் பிடித்தான். அவனை முதன்முதலில் கண்காட்சிக்குக் கூட்டிப் போனதே நான்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தொன்றில் அலோர் ஸ்டாரில் அவன் வைத்த படம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடுவில் ஒருவன் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தான். ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருவன் ஈ ஓட்டினான். பேசுகிறவனுக்கு என் மூக்குக்கண்ணாடி. ஜனங்கள் அதன் முன்னால் நின்று சிரித்தார்கள். பேட்ரிசியா என் பக்கம் திரும்பி, "இது நீங்கதானே, ஏசுதாசன் சார்? அச்சு அசல் லா!" என்றாள். அதற்குத்தான் முதல் பரிசு. நடுவரின் தரம் அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் படத்தை அங்கேயே கிழித்திருப்பேன். கைகள் சரியாக வரவில்லை என்று மட்டும் அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

சில மாதம் கழித்து அவனே தேடி வந்தான். "அண்ணே, தஞ்சோங் டாவாய்க் கரையை ஆத்து நடுவுலேர்ந்து வரையணும். சம்பான்காரர் யாரையாச்சும் தெரியுமா?"

எனக்குப் பக் மாட் என்கிற மலாய்ப் படகுக்காரரைத் தெரியும். கடல் வற்றும்போது ஆற்று வாயில் ஒரு மணல் திட்டு தலைகாட்டும். மத்தியானம் பக் மாட் அவனை அங்கே இறக்கிவிட்டார். தண்ணீர் ஏறுமுன் போய்க் கூட்டி வருவதாக ஏற்பாடு. நான் கரையிலேயே இருந்தேன்.

பக் மாட் மறந்துவிட்டார் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அவரை விட்டுவிடுங்கள், லாக்கப்பில் கிடக்க வேண்டிய மனிதர் இல்லை. நேரத்துக்குக் கிளம்பத்தான் செய்தார். வேறு சம்பான் பேசியாகிவிட்டது, அது கூட்டி வரும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பியவன் நான். வேறு சம்பான் எதுவும் இல்லை.

அழகேசனுக்கு நீச்சல் தெரியாது என்று நீங்கள் சொன்னபோது, அப்போதுதான் கேள்விப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு முன்பே தெரியும். சம்பானில் ஏறியபோது இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான்.

வரைகிறவன் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டாமா? முழங்கால் நனைந்த பிறகுதான் நிமிர்ந்தான். பிறகு கூப்பிட ஆரம்பித்தான். காற்று பலமாக இருந்தது. கரையில் டீக்கடைக்காரர் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே, "யாரோ கத்துற மாதிரி இருக்கே, வாத்தியாரே?" என்று மலாயில் கேட்டார். படம் வரைகிறவன், காற்றோடு பேசுகிற பழக்கம் என்று சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் இன்னொரு டீ வாங்கியிருந்தேன். அதைக் குடித்து முடித்தேன்.

முதலில் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் "சார், சார்" என்றான். மரியாதை தெரிந்த பையன்தான். கொஞ்சம் முன்னதாகவே அதைக் காட்டியிருந்தால், நானே எழுந்து போய் ஒரு சம்பானைப் பிடித்திருப்பேன்.