வழக்கில் சம்பந்தப்படாத கேப்டன்

உங்கள் சிறையில் சோளரொட்டி நன்றாக இருக்கிறது, மிஸ்டர் பிரூயிட். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். ஜெயிலரின் மனைவியிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். பல காலம் கப்பலில் கனவான்களுக்கு விருந்து வைத்தவன் நான். பாராட்டு உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குக் கண்டிப்பு உண்டு. பழியும் அப்படித்தான். அதனால்தான் யாரும் தேடாதபோது நானாகவே வந்து அரசு வழக்கறிஞரான உங்கள் கதவைத் தட்டினேன். உங்கள் குமாஸ்தா எழுதட்டும், நிதானமாகவே சொல்கிறேன்.

நான் ஆம்ப்ரோஸ் டாக்கெட், குவீன் ஹொனோரியா என்ற நீராவிக் கப்பலின் சொந்தக்காரன். ராஜாக்களை விரட்டிவிட்ட நாட்டில் ராணியின் பெயர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களும் செயின்ட் லூயிஸ் போக என் கப்பலில்தான் ஏறினார்கள், என் வெள்ளிக் கரண்டிகளை எடுத்து எடை பார்த்தார்கள்.

இந்த ஆற்றில் கப்பலின் மதிப்பு அதன் புகையில் இருக்கிறது. ஊரைத் தாண்டும்போது இரண்டு புகைபோக்கிகளும் கன்னங்கரேலென்று கக்க வேண்டும். கரையில் பெண்கள் கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். இதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குச் சற்று மேலே கப்பலை நிறுத்துவோம். இயந்திரம் சும்மா இருக்கும், உலை மட்டும் எரியும். பாய்லரின் தலையில் ஒரு வால்வு இருக்கிறது. நீராவி அளவுக்கு மீறினால் அது தானாகத் தூக்கிக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடும். அது தூக்காதபடி அதன் இரும்புக் கையில் ஏதாவது கனமான பொருளைத் தொங்கவிடுவோம். ஒரு சுத்தியல், ஒரு பட்டறைக்கல், எது கையில் கிடைக்கிறதோ அது. பிறகு மணி அடித்துக் கிளம்பினால் கப்பல் அம்பு மாதிரி ஊரைக் கடக்கும். பயணிகள் கைதட்டுவார்கள். கனத்தைத் தொங்கவிடாத கேப்டனைக் கிழவி என்பார்கள்.

இதற்கெல்லாம் விறகு வேண்டும். விறகு என்றால் காட்லீப் ரூல். நம் ஊர் ஹார்லன்ஸ் பெண்டுக்கு மேலே ஆற்று வளைவில் விறகுத்தொட்டி வைத்திருந்த ஜெர்மன்காரன். எப்போதும் சிரித்த முகம். அவனிடம் எனக்கு விரோதம் இருந்ததே இல்லை. விறகை எடுத்துக்கொண்டு "எழுதிக்கோ" என்பேன், அவனும் எழுதிக்கொள்வான்.

ஒரு நாள் அவன் சொன்னான். "ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டே இருக்கேன் கேப்டன். பென்சில் தேஞ்சு நகம்தான் மிச்சம். கொஞ்சம் குடுத்தீங்கன்னா புதுப் பென்சிலாவது வாங்கிக்குவேன்."

"குவீன் ஹொனோரியா உன் தொட்டியில வந்து நிக்குறதே உனக்குப் பெருமைடா."

"நானும் அடுப்புல வெச்சுப் பாத்துட்டேன் கேப்டன். பெருமை பத்த மாட்டேங்குது."

என் கப்பலின் கூலிகள் சிரித்தார்கள். அதில் ஐரிஷ்காரன் ஒருவன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் அதிகமாகச் சிரித்தான். நான் கை நீட்டும் ஆள் இல்லை, மிஸ்டர் பிரூயிட். இதைக் குமாஸ்தா தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். அன்று சாயங்காலம் அவனை நடு ஆற்று மணல்திட்டில் இறக்கிவிடச் சொன்னேன், அவ்வளவுதான். நவம்பர் மாதம், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது திட்டே இல்லை. ஒழுங்கு என்பது இப்படிச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

ரூல் நீதிமன்றத்துக்குப் போனான். நம் மாநிலத்துச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்றுக் கடனுக்குக் கப்பலின் மேலேயே வழக்குப் போடலாம். கடன்பட்டது கப்பல், எதிர்வாதி கப்பல், கைதாவதும் கப்பல். ஷெரீப் வந்து என் ஹொனோரியாவைத் துறையின் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார். கொலைகாரனைக் கட்டுவதற்கும் தேவைப்படாத கனத்தில் ஒரு சங்கிலி, அதில் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பூட்டு.

விசாரணை நாளில் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். முந்தின ராத்திரி ஒரு உரை தயார் செய்திருந்தேன், அதில் கொஞ்சம் ரோமாபுரிகூட வரும். நீதிபதி ஹார்க்னஸ் கூப்பிட்டார். "எதிர்வாதி வந்திருக்கா?"

"துறையில நிக்குதுங்க ஐயா. படியேற முடியலையாம்" என்றார் ஷெரீப்.

கூடம் சிரித்தது. நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

"நீங்க யாரு?" என்றார் நீதிபதி.

மிஸ்டர் பிரூயிட், அந்த மனிதர் முந்தின வாரம்தான் என் மேசையில் வாத்துக்கறியில் இரண்டாம் பங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

"கேப்டன் டாக்கெட்" என்றேன்.

"அது தெரியுது. இந்த வழக்குல நீங்க யாரு? வாதியா? இல்ல. எதிர்வாதியா? புகைபோக்கியையும் காணோம், சக்கரத்தையும் காணோம். சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்களா? அதுவும் இல்ல. உக்காருங்க."

என் வழக்கறிஞர் கோல்பி என் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க கேப்டன். சந்தோசப்பட வேண்டிய விசயம் இது. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு கோர்ட்டே சொல்லுது. உங்க வீட்டை யாரும் தொட முடியாது."

அவருக்குப் புரியவில்லை. வீட்டை யார் கேட்டார்கள்? என் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. ரூலுக்கும் குவீன் ஹொனோரியாவுக்கும் இடையே நடந்த விவகாரத்தில் நான் ஒரு வேடிக்கை பார்க்க வந்த ஆள். ஜூரிகள் வெளியே போய் ஒரு சுருட்டு பிடித்து முடிக்கும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். கப்பல் தோற்றது. என் உரை சட்டைப்பையிலேயே இருந்தது.

ஏலத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. ரூலே கடனுக்கு ஈடாகக் கப்பலை எடுத்துக்கொண்டான். பக்கவாட்டுச் சக்கரத்தை மூடியிருக்கும் சக்கரக்கூட்டில் என் ராணியின் பெயருக்கு மேல் வெள்ளையடித்து 'கத்தரினா' என்று எழுதினான். அது அவன் மனைவி பெயர். வாத்து வளர்க்கிற பெண். பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"கேப்டன், நான் விறகு அடுக்கத் தெரிஞ்சவன். படகு ஓட்டத் தெரியாது. நீங்களே ஓட்டுங்க. சம்பளம் தர்றேன், மாசாமாசம் கையில."

"கப்பல்" என்றேன் நான்.

"சரி, கப்பல். ஞாயித்துக்கிழமை முதல் ஓட்டம். ஜட்ஜையாவையும் ஜூரிக்காரங்களையும் கூப்பிட்டிருக்கேன். கோவம் எல்லாம் தீர்ந்துடட்டும். உங்களுக்கும் பிடிக்கும்னு நினைச்சேன்."

ஒத்துக்கொண்டேன். அந்த நொடியில் என் மனம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். சட்டம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், வேறொன்றுமில்லை. கப்பல்தான் கடன்காரி. கப்பல்தான் குற்றவாளி. தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் அதற்குத்தானே கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு ஏறியது. மேல்தளத்தில் நீதிபதி, ஜூரிகள், கோல்பி, அவரவர் மனைவிமார், பித்தளை வாத்தியக்காரர்கள். கீழ்த்தளத்தில் காசு கொடுக்க முடியாத ஜனங்கள், மூட்டைகள், உலைக்கு விறகு போடுகிறவர்கள். வழக்கப்படி ஊருக்கு மேலே போனோம், ரூலின் தொட்டியிலேயே நிறுத்தினோம். "நம்ம விறகு, வேணுங்கறதை எடுங்க" என்று ரூலே கட்டைகளைத் தோளில் சுமந்து கொடுத்தான். முதலாளி விறகு தூக்குவதை அந்த ஆறு அதற்கு முன் பார்த்ததில்லை.

ஷெரீப் கழற்றிய சங்கிலியும் பூட்டும் கயிற்று அறையில் கிடந்தன. நான் எடுத்துக்கொண்டு பாய்லருக்குப் போனேன். இன்ஜினியர் எபன் ஸ்ட்ரவுட் அங்கே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என்னோடு நெடுங்காலம் இருந்தவன். ஒரு சொட்டு மது தொடமாட்டான், அவன் பெண்டாட்டி கண்டிப்பான சர்ச்சுக்காரி. சங்கிலியை வால்வின் கையில் நானே சுற்றினேன், பூட்டையும் மாட்டினேன்.

"கேப்டன், இது ரொம்பக் கனம். பாய்லர்ல தண்ணியும் கொறைவா இருக்கு. பம்பை ஓட்டிட்டு வரேன்."

"நேரமில்ல ஸ்ட்ரவுட். ஜட்ஜ் அவசரப்படுறார்."

பொய் இல்லை. மேலேயிருந்து குரல் கேட்டது. "என்னய்யா டாக்கெட், உங்க கிழவி நடப்பாளா, இல்ல நாங்க எறங்கித் தள்ளணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் வேகம் கேட்டார்கள் என்பதைப் பதிவு செய்யுங்கள்.

"மணி அடிக்கிற வரைக்கும் நீராவியைப் புடிச்சு வெச்சிரு. நான் கரையில எறங்கிப் புகை எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி கேப்டன்" என்றான் ஸ்ட்ரவுட்.

இறங்கும் பலகையில் கத்தரினா ரூல் நின்றாள். ஆப்பிள் கேக் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி என் கையில் திணித்தாள். "காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலையே. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க." நன்றி சொன்னேன். கரை மேட்டில் ஏறும்போதே சாப்பிட்டேன். பட்டை கொஞ்சம் கூடுதல், மற்றபடி நல்ல கேக். உலையில் பிசின் போட்டிருந்தார்கள், புகை கருப்பாக, நேராக ஏறியது. இவ்வளவு அழகாக அந்தக் கப்பல் எனக்கு என்றுமே தோன்றியதில்லை. வெள்ளையடித்ததற்கு அடியில் ஹொனோரியா என்ற எழுத்துகள் வெயிலில் தெரிந்தன. உதட்டைத் துடைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். எனக்கு அடுத்த அதிகாரியான மேட் என்னைப் பார்த்து மணியை அடித்தான்.

சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது.

முதலில் சத்தம் வரவில்லை. கப்பலின் நடுப்பகுதி மூச்சை இழுத்துக்கொள்கிற மாதிரி உப்பியது. பிறகு மேல்தளம் முழுவதும், அதன் மேல் இருந்தவர்களோடு, எழுந்து போனது. சுக்கான் அறை என் தலைக்கு மேலே பறந்து சோளக்கொல்லையில் விழுந்தது. நீதிபதியை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள், அதுவும் முழுசாக இல்லை. ஒரு பித்தளைக் குழல் மரக்கிளையில் தொங்கியது, வாசித்தவனின் கை அதை விடவில்லை. வெந்நீர் பட்டவர்கள் ஆற்றில் குதித்தார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அவர்கள் தோல் கையுறை கழல்கிற மாதிரிக் கழன்றது. நான் கப்பல்தான் சாக வேண்டும் என்று நினைத்தேன். மற்றவர்கள் அதில் இருந்தார்கள்.

ரூலை அலை கரையில் தள்ளியது. முகம் அடையாளம் தெரியவில்லை, குரலில்தான் தெரிந்தது.

"யாரு, கேப்டனா? பொழச்சிட்டீங்களா? நல்ல காலம். கத்தரினாவைப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவன் சாகும்வரை தொப்பியை அவன் முகத்தில் வெயில்படாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனிதனுக்கு இரக்கம் வேண்டும்.

இனி நான் ஏன் வந்தேன் என்று சொல்கிறேன். போன வாரம் சாவு விசாரணையின் முடிவு பத்திரிகையில் வந்தது. மேல்தளத்தில் செத்தவர்களின் பெயர்கள் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தன. கீழ்த்தளத்தில் செத்தவர்கள் 'மற்றும் பலர்'. கோளாறு பழைய இரும்புடையதாம். குற்றம் ஸ்ட்ரவுட்டுடையதாம், அவன் குடித்திருக்க வேண்டுமாம். அவன் மனைவி சர்ச்சில் தனியாக உட்காருகிறாள், பக்கத்துப் பெஞ்சைக் காலி செய்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்காகவும் ஒரு நேர்மையான தொழிலாளியின் பெயருக்காகவும் மட்டும்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ட்ரவுட் குடிக்கவில்லை. சங்கிலியை நான் மாட்டினேன்.

குமாஸ்தா தலைநிமிர்ந்து பார்க்கிறார். ஸ்ட்ரவுட்டின் மண்டையில் இருந்த காயத்தைப் பற்றிக் கேட்க நினைக்கிறார் போலிருக்கிறது. அதையும் சொல்லிவிடலாம். ரூல் போன பிறகு பார்த்தேன். சக்கரக்கூட்டின் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரவுட் கரைக்கு வந்துகொண்டிருந்தான். உயிரோடுதான். "கேப்டன், அந்தச் சங்கிலி..." என்று ஆரம்பித்தான். என்னிடம் கொக்கி வைத்த துறைக்கழி இருந்தது. இரண்டு முறை இடித்தேன், பிறகு தண்ணீருக்குள் பிடித்துவைத்தேன். வெகு நேரம் ஆகவில்லை. அப்போது நான் பதற்றத்தில் இருந்தேன், பிற்பாடு அவனுக்கு நியாயம் செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இதோ செய்கிறேன்.

அந்தப் பத்திரிகையில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. தேடித்தான் கண்டுபிடித்தேன். 'வெடித்ததைக் கரையில் நின்ற ஒருவர் பார்த்திருக்கிறார்.' ஒருவர். அதை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. அன்று ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன்.

குமாஸ்தா எழுதியதைக் கொடுங்கள். வாதி அரசு, எதிர்வாதி ஆம்ப்ரோஸ் டாக்கெட். கையெழுத்து அழகாக இருக்கிறது, பெயரைப் பெரிதாகவே எழுதியிருக்கிறார். விசாரணை பெரிய கூடத்தில்தானே நடக்கும்? எனக்குப் பேச வாய்ப்பு உண்டல்லவா? உரை ஒன்று தயாராக இருக்கிறது, ரோமாபுரியை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

ஒரே ஒரு திருத்தம். பெயருக்கு முன்னால் கேப்டன் என்பது விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்துவிடுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.