மூணாவது ஓலை

இல்லம்மா, வசூலுக்கு வரல. கையில சீட்டுப் புத்தகம் ஏதாச்சும் இருக்கா பாருங்க. ஒண்ணுமில்ல. ஒரு பை. பைக்குள்ள காஞ்ச ஓலை. அவ்வளவுதான்.

எதிர் வீட்டுக்குத்தான் வந்தேன். மூணு தடவ பெல் அடிச்சேன். அப்புறம் கதவத் தட்டினேன், நீங்க திறந்துட்டீங்க. மன்னிச்சுக்கங்க. அடுப்புல ஏதோ கொதிக்குது போல, போய்ப் பாருங்க. நான் போயிடுவேன்.

நாற்காலி எதுக்கு? நான் உக்கார வரல.

சரி, போடுங்க. நாலு மாடி. முட்டி கேக்க மாட்டேங்குது. கீழ லிஃப்ட்ல பழுதுன்னு காகிதம் ஒட்டி வச்சிருக்காங்க. லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன் குடியிருக்கிற கட்டடம், அதுலயே லிஃப்ட் ஓடல. நல்லாருக்கு.

எனக்கு எப்படித் தெரியுமா? காதுல விழுந்துச்சு. கோயில்ல எல்லாம் காதுல விழும்.

கோயில்னா மாதா கோயில். பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ல, மணிக்கூண்டு தெரியுமே, அது. நான் அங்க கோயில்பிள்ளை. சிரிக்காதீங்க, வேலைக்கு அதான் பேரு. பிள்ளைக்கு எழுபத்திரண்டு வயசு. மணி அடிக்கிறது, மெழுகுவத்தி ஏத்துறது, பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கிறது, பூசை முடிஞ்சா அறிக்கை வாசிக்கிறது, கடைசில பூட்டுறது. நாப்பத்தோரு வருசம். கோயில்ல எனக்கு வேற ஒரு பேரும் உண்டு. அது உங்களுக்கு எதுக்கு.

எதிர் வீட்ல எப்ப வருவாங்க?

நாலு மணிக்கா. ஆகாது. மூணு மணிக்கு நான் எரிக்கணும்.

ஓலையத்தான். சொல்றேன், தண்ணி குடிச்சுட்டுச் சொல்றேன். விட மாட்டீங்க போலிருக்கே. நாளைக்குச் சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் தவக்காலம், அதுக்கு மொத நாள். நெத்தியில சாம்பல் பூசுவாங்க. மண்ணுலேர்ந்து வந்தே, மண்ணுக்குத்தான் போவேன்னு ஞாபகப்படுத்துறதுக்கு. எனக்கு இந்த வயசுல ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. இருந்தாலும் முறை.

அந்தச் சாம்பல் கடையில வாங்குறதில்லம்மா. போன வருசம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயித்துக்கிழம, ஆளுக்கொரு குருத்தோலை மந்திரிச்சுக் குடுத்தோம். அத வீட்டுக்குக் கொண்டு போயி, சிலுவையா மடிச்சு, கதவு மேல செருகி வைப்பாங்க. வருசம் பூரா அங்க இருக்கும். தவக்காலத்துக்கு முன்னாடி கழட்டிக் கொண்டாந்து கோயில் வாசல்ல பெட்டியில போடணும். அத எரிச்சுச் சலிச்சா சாம்பல். மாதர் சங்கத்துப் பொம்பளைங்க இந்நேரம் சல்லடைய மடியில வச்சுக்கிட்டு ஊர்வம்பு சலிச்சுக்கிட்டு இருப்பாங்க. பாட்டுக்குழு ஒரு பக்கம் அழுகைப் பாட்டு எடுத்துப் பழகுது. சாமியார் தவக்காலத்து ஊதாத் துணிய எங்க வச்சேன்னு என்னைத் தேடிக்கிட்டு இருப்பார். நான் இங்க உங்ககூட உக்காந்திருக்கேன்.

பெட்டி நிறைஞ்சுடுச்சு. எல்லா வீட்டு ஓலையும் வந்தாச்சு. ஒண்ணு குறையுது.

நீங்களும் சாமியார் மாதிரியே கேக்குறீங்க. ஒரு ஓலை குறைஞ்சா என்ன பெரியவரே, சாம்பல்ல தெரியப் போகுதான்னார். சின்னப் பையன், வந்து ஆறு மாசம் ஆகுது. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எப்படின்னா, நான் இடது கைக்காரன். பாருங்க, டம்ளர எதுல பிடிச்சிருக்கேன்? சிலுவைக்கு நடுவுல ஓலைய ரெண்டு சுத்துச் சுத்திச் செருகணும். எல்லாரும் வலப்பக்கமாச் சுத்துவாங்க. என் சுத்து இடப்பக்கமா வரும். கோயில்ல இன்னொருத்தர் சுத்து மட்டுந்தான் அப்படி வரும். அந்த ஒண்ணு வருசா வருசம் பெட்டியில வந்து விழும். யார் போடுறா, எப்பப் போடுறான்னு பாத்ததில்ல. நான் மணி அடிக்கிற நேரமாப் பாத்துப் போடுறது போல. கையில கயிறு இருக்கும்போது நான் வெளிய வர முடியாதில்ல. விவரமான ஆளு.

ஆறு வருசம் வந்துச்சு. அத மட்டும் கடைசியாத் தனியா எரிப்பேன். அந்தச் சாம்பல் சங்கத்துச் சல்லடைக்குப் போகாது. என் நெத்திக்கு.

இந்த வருசம் வரல. ஞாயித்துக்கிழம பெட்டியத் திறந்தேன், இல்ல. நேத்து இல்ல. இன்னிக்குக் காலைல பெட்டியக் கவுத்துத் தரையில கொட்டி, முட்டி போட்டு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தேன். இல்ல. ஒடம்புக்கு ஏதாச்சும்னா யார் வந்து எனக்குச் சொல்லப் போறா? அதான் கிளம்பிட்டேன்.

விலாசமா? விலாசம் ஏழு வருசமாத் தெரியும். படி ஏறினதில்ல.

என்ன அப்படிப் பாக்குறீங்க? மூக்கா?

ஆமா. அந்த மூக்குதான். அவ அம்மா மூக்கு அழகா இருக்கும், அது வரல. இதத்தான் எடுத்துக்கிட்டா. சரி, தெரிஞ்சுபோச்சு, விடுங்க. ஆமா, எம் பொண்ணுதான்.

நல்லா இருக்காளா?

லேபுக்குப் போறாளா? இன்னிக்குமா? ரத்தம் எடுக்குற வேலதானே? காலைல போகும்போது நடந்து போனாளா, ஆட்டோவா?

சும்மாத்தான் கேட்டேன். நடந்துதான் போனா. சரி. நல்லது.

அவ வாசல்ல சின்னச் செருப்பு ஒண்ணு கிடக்குது. வெல்க்ரோ வச்சது. யாருது?

எத்தன வயசு?

அஞ்சு.

இல்ல, இல்ல. தெரியும். காதுல விழுந்துச்சுன்னேன்ல. வயசுதான் தெரியாது. பொண்ணா?

ம்.

லைட்டு எதுக்குப் போடுறீங்க? பட்டப் பகல்ல... ஓ. இங்க இருட்டாத்தான் இருக்கு. எங்க? அவ கதவு மேலயா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன்.

இருக்கு.

இங்கேயே இருக்கு பாருங்க. கழட்டவே இல்ல. இடச் சுத்து. பக்கத்துல அதென்ன, இன்னொண்ணு? கோணல் மாணலா? சின்ன ஓலையில யாரோ... அதுவும் இடப்பக்கமாத்தான் சுத்தியிருக்கு.

கொஞ்சம் இருங்கம்மா. பேசாதீங்க.

ஒண்ணுமில்ல. படி ஏறி வந்தது. தண்ணி இருந்தாக் குடுங்க.

தட்டி எடுக்கக் குச்சியெல்லாம் வேணாம். எட்டாமத்தான் எடுக்கலன்னா நினைச்சீங்க? அது அவ கையால வரணும். நானா எடுத்தா அதுக்குப் பேரு வேற.

என்ன? யாரு சொன்னா?

அவளா? காலைலயா? கோயில்லேர்ந்து ஒரு கிழவர் ஓலை கேட்டு வருவாரு, உக்கார வைங்க, நான் வர்ற வரைக்கும் விடாதீங்கன்னா? எடுத்துக் குடுத்துடாதீங்கன்னு வேற சொன்னாளா? அப்ப குச்சிய நீட்டினது என்னைச் சோதிச்சுப் பாக்கவா? அப்ப இந்த நாற்காலி, தண்ணி, கேள்வி மேல கேள்வி எல்லாம்... நல்ல ஆளும்மா நீங்க. போலீஸ்ல சேந்திருக்கலாம்.

வேணும்னே போடாம வச்சிருக்கா. ஓலைய நிறுத்தினா இந்தக் கிழவன் வருவான்னு தெரிஞ்சிருக்கு. ஏழு வருசத்துல மொத வருசமே நிறுத்தித் தொலைச்சிருக்கலாம்ல.

உக்காந்துக்கிறேன். மணி என்ன? மூணே காலா. எரியட்டும், எரியாம இருக்கட்டும். என்ன ஆச்சுன்னா... நீங்க கேக்கல. உங்க கண்ணு கேக்குது.

எங்க கோயில்ல கல்யாணம்னா, முன்னாடி மூணு ஞாயித்துக்கிழம பூசையில வாசிக்கணும். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார், கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க, தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியார்கிட்டச் சொல்லணும்னு. அதுக்குப் பேரும் ஓலைதான். மொத ஓலை, ரெண்டாவது ஓலை, மூணாவது ஓலை. மூணும் வாசிச்சாத்தான் கல்யாணம். அப்ப இருந்த சாமியார் பழைய ஆளு. ரெண்டே முக்கால் ஓலைக்குக்கூடத் தாலிய மந்திரிக்க மாட்டார்.

வாசிக்கிறவன் நான். என் பொண்ணுக்கும் நான்தான் வாசிச்சேன். மொத ஓலை வாசிச்சேன், பொம்பளைங்க திரும்பித் திரும்பி அவளப் பாத்தாங்க. ரெண்டாவது வாசிச்சேன். மூணாவது ஓலை தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு. மறுநாள் திங்கக்கிழம கல்யாணம். மண்டபம் பேசி, பத்திரிகை குடுத்து, சேலைக்கு பிளவுஸ் தச்சு எல்லாம் ஆச்சு. திங்களத் தவறவிட்டா, அடுத்து ஓலை வாசிக்கிற ஞாயிறுக்குள்ள சாம்பல் புதன் வந்துடும். தவக்காலத்துல எங்க கோயில்ல கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிச்சுத்தான்.

அந்த ஞாயித்துக்கிழம அறிக்கை நோட்டுல ரெண்டு பக்கம் சேந்து புரண்டுடுச்சு. ரத்ததான முகாம் வாசிச்சேன். ஏழைங்களுக்கு அரிசி சேக்குறது வாசிச்சேன். சிலுவைப்பாதை செபம் எத்தன மணிக்குன்னு வாசிச்சேன். நோட்ட மூடிட்டேன். மூணாவது ஓலைய வாசிக்கல.

பூசை முடிஞ்சதும் கோயிலே கொந்தளிச்சுப் போச்சு. மாப்பிள்ளையோட அப்பா சாமியார் கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சறாரு. சாமியார் முடியாதுன்னா முடியாது. அன்னிக்கு வச்ச பேருதான் எனக்கு. ஓலமுழுங்கி. இப்பவும் வாசல்ல நிக்கிற பயலுக ஓலமுழுங்கி வர்றாருடான்னுதான் சொல்லுவானுக.

என் பொண்ணு உள்ள வந்தா. பூசைத் துணி மாட்டி வைக்கிற அறைக்கு. கத்தல. ஒரே கேள்வி. பக்கம் ஒட்டிச்சாப்பா, ஒட்டலயா? ஒட்டிச்சுன்னேன். மெழுகு சொட்டி ஒட்டிக்கிச்சு, பாருன்னு நோட்டக் காட்டினேன். பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மறுபடி அதே கேள்வி. ஒட்டிச்சும்மான்னேன்.

திங்கக்கிழம ரெஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டா. ஈஸ்டர் கழிச்சு வேற கோயில்ல போய் மந்திரிச்சுக்கிட்டாங்கன்னு கேள்வி. போகும்போது சொன்னா, அந்தக் கேள்விக்கு என்னிக்குப் பதில் சொல்லத் தோணுதோ அன்னிக்கு வாங்க, கதவு திறந்திருக்கும்னு. இப்பப் பூட்டியிருக்கு பாருங்க. இல்ல, சும்மா சொன்னேன். வேலைக்குப் போயிருக்கா, தெரியும்.

மாப்பிள்ளையப் பிடிக்காதா? யார் சொன்னா? கோயில் பூரா அப்படித்தான் பேசிச்சு. அவளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கா. தங்கமான பையன்மா அவன். எங்க மணிக்கூண்டுல சக்கரம் சிக்கினப்ப உள்ள ஏறி எடுத்து விட்டவனே அவன்தான். அப்பத்தான் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டது. எனக்கு அவன்மேல என்ன கோபம்?

போன் அடிக்குது. சாமியார்தான். அடிக்கட்டும். எடுத்தா வான்னு சொல்லுவார், எடுக்கலன்னா நாளைக்குக் காலைல எரிச்சுக்கலாம். ஒரு நாள் சாம்பல் சூடா இருந்தா யாரும் செத்துட மாட்டாங்க.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வருசந்தான் என் வீட்டுக்காரி போய்ச் சேந்தா. அப்புறம் வீட்ல நாங்க ரெண்டே பேர். சாயங்காலம் கோயிலப் பூட்டிட்டுத் தெருவுல திரும்பினா, வீட்ல லைட்டு எரியும். எம் பொண்ணு வேலையிலேர்ந்து வந்து போட்டிருப்பா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பெரிசாப் பேசிக்க மாட்டோம். சாப்டீங்களா, சாப்டேன். அந்த லைட்டு.

கீழ சத்தம் கேக்குதா? ரெண்டு பேர் நடை. ஒண்ணு பெரிசு, ஒண்ணு படிக்குப் படி நின்னு நின்னு குதிக்குது. மணி நாலு ஆகலயே. சீக்கிரம் கிளம்பிட்டாளா.

நீங்க உள்ள போங்கம்மா, அடுப்பப் பாருங்க. தீயுற வாசம் வருது. இல்ல, இருங்க. ஒரு நிமிசம். வாய் வருதான்னு பாக்கணும், உங்ககிட்ட ஒரு தரம் சொல்லிப் பாத்துக்கிறேன்.

பக்கம் ஒட்டல. நான்தான் ரெண்டாப் புரட்டினேன். மெழுகு, பூசை முடிஞ்சப்புறம் ஊத்தினது. இன்னும் நாப்பது நாள் அவ வீட்ல இருந்துட்டுப் போகட்டுமேன்னு நினைச்சேன், அவ்வளவுதான்.

போங்க. மூணாவது மாடி வந்துட்டாங்க.