வெள்ளைத் தட்டு இருந்த இடம்

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி. எங்கள் தெருவில் "பிரேக் அக்கா" என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தாறு. தொழில், பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. முகவரி, புகார் கொடுத்தவரின் அதே முகவரிதான். அவர் என் கணவரின் தம்பி. மாடியில் இருக்கிறார், நாங்கள் கீழே இருக்கிறோம், பின்பக்க நீச்சல் குளம் இரு குடும்பத்துக்கும் பொது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொல்கிறேன்.

குளத்தின் ஆழமான பக்கத்தில், தரையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு கிடக்கும். போட்டது நான். கரையில் நின்று பார்த்தால் தட்டு தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அன்று யாரும் இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இதில் விருந்தாளி, வீட்டுக்காரர் என்ற பாகுபாடு கிடையாது. என் கணவரையே துண்டும் கையுமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் பெய்த மழையில் இலைகள் விழுந்து, தண்ணீர் பச்சையாகி, சுவரைத் தொட்டால் வழுக்கியது. சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று வடிகட்டி மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தது புகார்தாரர்தான் என்பதையும் எழுதிக்கொள்ளவும். அதன் பிறகு அவர், ஞாயிற்றுக்கிழமைக்கு அலுவலகத்தாரைக் குடும்பத்தோடு அழைத்துவிட்ட அவசரத்தில், சுவரைத் தேய்க்காமல், தண்ணீரைச் சோதிக்காமல், ஒரு கேன் குளோரினை அப்படியே கவிழ்த்தார். பச்சை போனது, தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்துக் கலங்கியது.

"பாத்தீங்களா அண்ணி, பாசி போயிடுச்சு" என்றார்.

"போகல தம்பி, செத்திருக்கு. செத்ததெல்லாம் தண்ணியிலயே மிதக்குது. மோட்டார ராத்திரி பகலா ஓட விடணும், வடிகட்டி மணலக் கழுவணும், அடியில படியறத உறிஞ்சி வெளிய தள்ளணும். இந்த ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது."

"வர்றவங்க என்ன, அத குடிக்கவா போறாங்க?" என்று சிரித்தார். ஆனாலும் அன்றே மோட்டாரைப் போட்டுவிட்டார்.

ஞாயிறு பகல் நான் சமையலறையில் இருந்தபோது குளத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக, "தட்டு தெரியுதா தம்பி?" என்று கேட்டேன். "பளிச்சுனு தெரியுது அண்ணி" என்று பதில் வந்தது. மோட்டார் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்ததால் நம்பி, அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு எல்லோரையும் சாப்பிட அழைத்தபோது புகார்தாரரின் இளைய மகளைக் காணவில்லை. ஆறு வயது, சுண்டெலி என்று கூப்பிடுவோம். அவளுடைய மிதவை வளையம் மட்டும் ஆழமான பக்கத்தில் மிதந்தது. கரையில் அத்தனை பேர் குனிந்து பார்த்தும் முழங்கை ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பெற்ற தகப்பன் கரையிலேயே நின்றார். நான் கட்டியிருந்த துணியோடு குதித்தேன். உள்ளே கண்ணைத் திறந்தாலும் வெள்ளைதான், மூடினாலும் அதே கதைதான். தரையைக் கையால் தடவிக்கொண்டே போனேன். கையில் ஏதாவது பட வேண்டும் என்றும் வேண்டினேன், படவே கூடாது என்றும் வேண்டினேன்; இதை மாற்றாமல் எழுதவும். மூலைமுடுக்கெல்லாம் தடவியும் என் கையில் குழந்தையும் படவில்லை, தட்டும் படவில்லை.

மூச்சு வாங்க மேலே வந்தபோது, "பெரியம்மா, ஏன் துணியோட குளிக்கிறீங்க?" என்று குரல் கேட்டது. என் துண்டைப் போர்த்திக்கொண்டு, வாயில் பிஸ்கட்டோடு சுண்டெலி என் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். என் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாளாம். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மா மட்டும் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகுதான் தட்டைப் பார்த்தேன். ஆழமில்லாத பக்கத்தில், முதல் படியில், ஒரு சாண் தண்ணீரில் பளிச்சென்று இருந்தது. "தெரியுதுன்னுதானே சொன்னேன் அண்ணி, பொய்யா சொன்னேன்?" என்றார். பிறகு, "அதான் ஒண்ணும் ஆகலையே, எறங்குங்க எறங்குங்க" என்று பந்தைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தார். இரண்டு பிள்ளைகள் குதித்தன.

வண்டியில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களிடம் போடும் குரலில் எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். வந்தார்கள், அவருடைய மேலதிகாரி உட்பட. அதன் பிறகு வடிகட்டி மோட்டாரின் வால்வைத் திருப்பி, மொத்தத் தண்ணீரையும் வெளியே இறைத்தேன். இலை அடைத்திருந்த சாக்கடை எதிர்த்ததில் தண்ணீர் அடித்தளக் கார் நிறுத்தத்தில் புகுந்து, அவருடைய புதுக் காரின் இருக்கை வரை நனைந்தது உண்மை. அதற்கு வருத்தம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை.

கோபத்தில் நிதானம் இழந்து செய்ததாக எழுதினால் எனக்கு நல்லது என்று சொல்லப்பட்டது. அப்படி எழுத நான் சம்மதிக்கவில்லை. நிதானம் இழந்திருந்தால் நான் திருப்பியிருப்பது வால்வை அல்ல. வேறு யாரும் அதைத் திருப்பாமலிருக்கக் கழற்றிய கைப்பிடி என் கைப்பையில் இருக்கிறது, இப்போது தர முடியாது. புதுத் தண்ணீர் நிரம்பி, தட்டு அதன் பழைய இடத்தில் கிடந்து, கரையில் நிற்கும் என் கண்ணுக்குத் தெரியும் அன்று நானே மாடிக்குப் போய்க் கொடுப்பேன்.

மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. "கோபத்தில்" என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. மீதி அனைத்தும் நான் சொன்னது, நடந்தது, உண்மை.

(கையொப்பம்)

சாட்சி: புகார்தாரரின் மனைவி. கணவருடன் வந்து வெளியே உட்கார்ந்திருந்தவர், தானாக உள்ளே வந்து பேனாவைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டார்.