பதினோராம் விதியும் என் தம்பியின் நெற்றிக் காயமும்

பெயரும் முகவரியும் முதல் தாளில் கண்டபடி. வயது நாற்பத்திரண்டு. லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். இப்போது மேற்பார்வையாளர். புகார் கொடுத்திருப்பவன் என் கூடப்பிறந்த தம்பி, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆசிரியர். அவன் புகாரை இங்கே காவல் நிலையத்தில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைக் கீழே சொல்கிறேன்.

பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியில் மூன்று வருடமாக நான்தான் தலைமை நடுவர். இந்த முறை தம்பி பயிற்சி கொடுத்த அணியும் பதிவு செய்திருந்தது. அவன் மகள், ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், அந்த அணியின் தலைவி. அதனால் நான் விலகிக்கொள்கிறேன் என்று போட்டிச் செயலாளரிடம் முன்கூட்டியே சொன்னேன். அதற்கு அவர், "இப்ப போய் வேற ஆளுக்கு நான் எங்க போவேன் மேடம்? நீங்க நியாயமானவங்கன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

விதிகளை எழுதியதும் நான்தான். பதினோராம் விதி பின்வருமாறு: ‘ரோபோ களத்தில் இயங்கும்போது அணியினர் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஆட்டத்தின் மதிப்பெண் முழுவதும் ரத்து.’ களம் என்பது இடுப்பு உயர மேசை மேல் போட்ட பலகை. பலகையை விட்டு ரோபோ வெளியே போனால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. வேலைக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தில், ஒரு லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதியது அது.

கடந்த சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு விளையாட்டு அரங்கில் பயிற்சியாளர்கள் கூட்டம் நடந்தது. அப்போது வேறொரு அணியின் பயிற்சியாளர் எழுந்து, "ரோபோ மேசையிலருந்து விழுந்தா பிடிக்கலாமா?" என்று கேட்டார். நான், "விழாம பாத்துக்கோங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை.

மாலை நாலு மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கியது. ஆட்டம் இரண்டரை நிமிடம். ஒன்றே முக்கால் நிமிடம் ஆனபோது தம்பி மகளின் அணி நூற்று எண்பது, எதிரணி நூற்று முப்பது. அந்த நேரத்தில் தம்பி மகளின் அணியுடைய ரோபோவின் இடது சக்கரம் விளிம்புக் கட்டையில் ஏறியது. எதிரணிப் பெண் ஒருத்தி மேசைக்குக் கீழே குனிந்து, களத்திலிருந்து உருண்டு விழுந்த ஆட்டக் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். ரோபோ நாலு கிலோ எடை. அது கவிழ்ந்து கீழே போனது. என் தம்பி மகள் பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துவிட்டாள். நான் விசில் ஊதினேன். அதன் பிறகு, அணியினர் ரோபோவைத் தொட்டதால் மதிப்பெண் ரத்து என்று மைக்கில் அறிவித்தேன்.

கீழே குனிந்திருந்த பெண் எழுந்து என்னிடம் வந்து, "மேடம், அவ பிடிக்கலன்னா அது என் தலைமேலதான் விழுந்திருக்கும்" என்றாள். இந்தத் தீர்ப்பால் ஜெயித்தது அவள் அணி. போய் இடத்தில் உட்கார் என்று அவளிடம் சொன்னேன்.

அதன் பிறகு தம்பி நடுவர் மேசைக்கு வந்தான். நடந்த பேச்சை நினைவிலிருந்து சொல்கிறேன்.

"அக்கா, களத்தில இயங்கும்போதுன்னுதானே எழுதியிருக்க? அது காத்துல இருந்துச்சு."

"இங்க அக்கா தம்பியெல்லாம் கிடையாது. போய் உக்காரு."

"அதான் பாக்கறேனே. வேற யார் பொண்ணா இருந்தாலும் விட்டுருப்ப. என் பொண்ணுன்னதும் ஊர் என்ன சொல்லுமோன்னு பயம் உனக்கு."

நான் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடப் போனேன். அவன் தாளைப் பிடுங்கினான். நான் விடவில்லை. தாள் கிழிந்தது, என் மணிக்கட்டில் அவன் நகம் பட்டு ரத்தம் வந்தது. தான் என் கையைத் தொடவே இல்லை என்று புகாரில் சொல்லியிருக்கிறான். அது பொய். மருத்துவர் சீட்டு இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு அவன் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, "ஒருத்தன் கால் போனப்பவும் விதியில தெளிவா இல்லன்னு சொல்லித்தானே தப்பிச்ச? இன்னைக்கு மட்டும் அது தெளிவா இருக்கா?" என்றான்.

இதை விளக்க வேண்டியிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு என்னோடு வேலை பார்த்த மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தபோது லிஃப்ட் நகர்ந்து அவர் பாதம் நசுங்கியது. ‘வேலைக்கு முன் மின்சாரத்தை நிறுத்தவும்’ என்றுதான் விதி. யார் நிறுத்த வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் என் மேல் குற்றம் இல்லை என்று விசாரணையில் முடிவானது. ஆனால் நிறுத்த வேண்டியவள் நான்தான் என்பது எனக்குத் தெரியும். அதை உலகத்தில் ஒரே ஒருவனிடம் சொல்லியிருந்தேன். அவன்தான் இப்போது இருநூறு பேர் முன்னால் கத்தினான்.

என் கையில் இரும்புக் கிளிப் வைத்த எழுது அட்டை இருந்தது. அதால் அவன் நெற்றியில் ஒரே ஒரு முறை அடித்தேன். மூன்று தையல் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மா வீட்டைப் பாகம் பிரித்த முன்பகையில் அடித்தேன் என்று அவன் எழுதியிருப்பது வடிகட்டின பொய். வீட்டைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை.

அடித்தபோது அவன் மகள் ரோபோவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். அதன் சக்கரங்கள் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தன, சட்டைப் பொத்தான் ஒன்று அதில் சிக்கியிருந்தது. அவள் அழவில்லை. "அத்தை, இதை யாராவது ஆஃப் பண்ணுங்க" என்றாள். நான் போய் சுவிட்சை அணைத்தேன். அதன் பிறகு அவள் மேசை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். அதற்குப் பின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு பதினோரு மணிக்குச் செயலாளர் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். பதினோராம் விதி சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாக உள்ளது என்று அதில் எழுதியிருந்தது. தம்பியின் பள்ளி நிர்வாகம் போட்டிக் குழு மேல் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். "நீங்க ஒரு கையெழுத்து போடுங்க மேடம், உங்க தம்பி கம்ப்ளைன்ட்ட நாங்க பேசி முடிச்சிடறோம்" என்றார். கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வாசலைக் காட்டினேன். என் கணவர், ஆளைக் கொஞ்சம் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம் என்றார். அவரிடமும் நான் அன்று முழுக்கப் பேசவில்லை.

விதி தெளிவாக இல்லை. அதை எழுதியவள் நான், காலையில் கேள்வி வந்தபோது சிரிப்பில் தட்டிக் கழித்தவளும் நான். தம்பி மகள் ரோபோவைத் தொட்டது உண்மை, அதில் தப்பு எதுவும் இல்லை. வேறு யார் மகளாக இருந்தாலும் ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொல்லியிருப்பேன். இந்த இடத்தில் தம்பி சொன்னது சரி. என் தீர்ப்பை ரத்து செய்யும்படி போட்டிக் குழுவுக்கு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன்.

சமரசமாகப் போக விருப்பமா என்று அதிகாரி கேட்டார். தம்பி மகளிடம் நான் மன்னிப்புக் கேட்பேன், அவள் கதவைத் திறந்தால். தம்பியிடம் கேட்க மாட்டேன். அவனும் கேட்க வேண்டாம். அடித்ததற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

இது முழுவதும் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டப்பட்டது. ‘அடித்தேன்’ என்று இருக்கும் இடத்தில் ‘கை பட்டுவிட்டது’ என்று மாற்றி எழுதட்டுமா, அது உங்களுக்கு நல்லது என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், அடித்தேன் என்றே இருக்கட்டும் என்று சொன்னேன். நான் சொன்னது சொன்னபடி உள்ளது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)